பணயக் கடிதத்தின் ஆசிரியர் யார்? – ஜான்பெனே ராம்சி வழக்கும் மொழிச்சான்றின் எல்லையும்

ஒரு பனுவலின் ஆசிரியர் இன்னார் என்பதை அப்பனுவலின் மொழியைக் கொண்டே அறுதியிட இயலுமா என்பது மொழியியலாருக்கும் இலக்கிய ஆய்வாளருக்கும் பழகிய வினா. நக்கீரர் ஒருவரா பலரா, ஔவையார் எத்தனை பேர் என்பன குறித்துத் தமிழில் நெடுங்காலமாக விவாதம் நடந்துவந்துள்ளது. அவ்விவாதங்களில் பிழையான முடிவுக்கு வந்தவர்களால் எவருக்கும் கேடு விளைந்ததில்லை. அதே வினா ஒரு கொலைவழக்கில் எழும்போது நிலைமை வேறாகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் 1996 டிசம்பரில் கொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுமி ஜான்பெனே ராம்சியின் வழக்கு இதற்குச் சான்றாகும். இன்றுவரை தீர்வு காணப்படாத அவ்வழக்கில், வீட்டில் கிடந்த ஒரு கடிதத்தின் மொழி எவ்வாறெல்லாம் வாசிக்கப்பட்டது, அவ்வாசிப்புகள் எத்தகைய அடிப்படையில் நின்றன என்பவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். கொலையாளி யார் என்னும் வினா இக்கட்டுரைக்குப் புறம்பானது.

1996 டிசம்பர் 26 அதிகாலை 5.52 மணிக்குச் சிறுமியின் தாய் பாட்சி ராம்சி அவசர உதவித் தொலைபேசி எண்ணை அழைத்து, மகளைக் காணவில்லை என்றும் பணத் தொகை கேட்கும் கடிதம் ஒன்று கிடந்தது என்றும் தெரிவித்தார். காவலர் வந்தனர். ஆனால் சிறுமியின் அறை நீங்கலாக வீட்டின் பிற பகுதிகள் காப்பிடப்படவில்லை. குடும்ப நண்பர்கள் வந்து கூடினர். அறைக்கு அறை நடமாடினர். சமையலறையைத் துப்புரவும் செய்தனர். முற்பகலில் ஒரே ஒரு துப்பறியும் அதிகாரி மட்டுமே வீட்டில் இருந்தார். பிற்பகல் ஒரு மணியளவில் அவர் தந்தை ஜான் ராம்சியிடம் வீட்டை ஒருமுறை பார்த்துவருமாறு கூற, நிலவறையின் ஓர் அறையில் மகளின் உடலைக் கண்ட தந்தை அதனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். தடயவியல் நோக்கில் அந்த ஒரு செயலிலேயே எவ்வளவு அழிந்துபோயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் தந்தையைக் குறைகூற இடமில்லை. அவரைத் தேட அனுப்பியதே பிழை.

அதன்பின் நடந்தவையும் சீராக இல்லை. பெற்றோரிடம் காவல்துறை முறையான விசாரணை நடத்தியது 1997 ஏப்ரல் 30ஆம் நாளில்தான். காவல்துறைக்கும் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் இடையே பூசல் மூண்டது. செய்திகள் இதழ்களுக்குக் கசிந்தன. பெற்றோரை ஐயுற்ற துப்பறிவாளர் ஸ்டீவ் தாமஸும், வெளியார் எவரோ புகுந்தனர் என்று கருதிய லூ ஸ்மிட்டும் 1998ஆம் ஆண்டிலேயே, நேர்மாறான காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகினர். 1999 அக்டோபரில், குற்றம் சாட்டுவதற்குப் போதிய சான்றில்லை என்று அரசு வழக்குரைஞர் அலெக்ஸ் ஹண்டர் அறிவித்தார். ஆனால் பெரு நடுவர் குழு, குழந்தை இறப்புக்கு இட்டுச்சென்ற கவனக்குறைவு முதலிய குற்றங்களுக்காகப் பெற்றோர் இருவர்மீதும் குற்றச்சாட்டுப் பதிய முன்னரே வாக்களித்திருந்தது என்பதும், அதில் ஹண்டர் கையொப்பமிட மறுத்தார் என்பதும் 2013இல்தான் வெளிவந்தன. இடையில், 2008இல் அடுத்துவந்த அரசு வழக்குரைஞர் மேரி லேசி, சிறுமியின் உடைகளிற் கிடைத்த மரபணுத் தடயம் குடும்பத்தினர் எவருடையதும் அன்று எனக் கூறி, அவர்களை ஐயத்தினின்றும் விடுவித்துக் கடிதம் அளித்தார். பாட்சி ராம்சி அதனைக் காண உயிருடன் இல்லை. அவர் 2006 ஜூனில் புற்றுநோயால் இறந்திருந்தார்.

இவற்றை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தரை, கதவு, சாளரம், உடல் ஆகியவை தந்திருக்க வேண்டிய சான்று முதல் நாளிலேயே குலைந்துபோயிற்று. குலையாமல் எஞ்சியது கடிதம் ஒன்றே. வீடு சொல்ல முடியாமற்போனதைக் கடிதம் சொல்லியாக வேண்டும் என்னும் நெருக்கடி இவ்வாறு உண்டாயிற்று. மொழியாய்வின்மீது அது தாங்கவொண்ணாத சுமை ஏற்றப்பட்டதை இப்பின்னணியிலேயே காண வேண்டும்.

கடிதம் மூன்று பக்கங்களில் ஏறத்தாழ 370 சொற்களைக் கொண்டது. பணயத் தொகை கேட்கும் கடிதத்துக்கு இது மிக நீண்ட அளவு. வீட்டிலிருந்த எழுதுதாள் கட்டிலேயே, வீட்டிலிருந்த பேனாவாலேயே எழுதப்பட்டிருந்தது. அதே கட்டில் கைவிடப்பட்ட ஒரு தொடக்கமும் காணப்பட்டது. அதில் விளி திரு, திருமதி என இருவரையும் நோக்கியதாக இருந்தது. முடிவான கடிதத்திலோ தந்தை ஒருவரே விளிக்கப்படுகிறார். கேட்கப்பட்ட தொகை 1,18,000 டாலர். தந்தை அந்நிறுவன ஆண்டில் பெற்ற ஊக்கத்தொகைக்கு இது மிக நெருங்கியது. எழுதியவர்கள் தங்களை ஒரு சிறிய வெளிநாட்டுக் குழுவினர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கின்றனர். இறுதியில் வெற்றி என்னும் பொருள்தரும் சொல்லும், இன்னும் பொருள் விளங்காத எஸ், பி, டி, சி என்னும் நான்கு எழுத்துகளும் உள்ளன. சிலுவையால் மீட்கப்பட்டோர் என ஒரு சாராரும், ஜான் ராம்சி கடற்படையிற் பணியாற்றிய பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுபிக் விரிகுடாவின் பயிற்சி நிலையம் என மற்றொரு சாராரும் இவற்றை விரித்தனர். சுருக்கெழுத்தை விரிப்போர் தத்தம் முடிவுக்கேற்ப விரிப்பது இயல்பு. நான்கு எழுத்துகளுக்கு எத்தனை விரிவும் பொருந்தும்.

இக்கடிதத்தின் மொழிக்கூறுகளாக ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கு நோக்கலாம்.

முதலாவது, வெளிநாட்டுக் குழு என்னும் தன்விவரிப்பு. எவரும் தம்மைத் தாமே வெளிநாட்டார் என்று கூறிக்கொள்ளார். அயன்மை என்பது பிறர் நோக்கில் அமைவது. ஆகவே இதனை எழுதியவர் அமெரிக்கரே என்பது பரவலாகக் கூறப்பட்ட வாதம். சுட்டுமையம் பேசுவோனிடத்தில் அமையும் என்னும் பொதுவிதியின்மேல் இவ்வாதம் எழுப்பப்பட்டுள்ளது. விதி சரியே, அது விலக்கின்றிச் செல்லும் என்பதுதான் சரியன்று. மதுரைக்கு வந்த ஒருவரிடம் வழி கேட்டால், 'நாங்க வெளியூருங்க' என்று அவர் கூறுவதில் எவரும் வியப்படைவதில்லை. கேட்போன் நிற்கும் இடத்தையே மையமாகக் கொண்டு தன்னைச் சுட்டிக்கொள்வது எல்லா மொழிகளிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. கடிதத்தின் தன்விவரிப்பு செயற்கையானது என்ற உணர்வு பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் அச்செயற்கைத்தன்மை, எழுதியவர் பொய்க்கோலம் பூண்டார் என்பதை மட்டுமே காட்டும். பூண்டவர் யார் என்பதற்கு அதில் விடையில்லை.

இரண்டாவது, எழுத்துப்பிழைகள். 'பிசினஸ்' என்னும் சொல்லில் ஓர் எஸ் மிகுந்தும், 'பொசெஷன்' என்னும் சொல்லில் ஓர் எஸ் குறைந்தும் உள்ளன. ஆனால் பிரெஞ்சிலிருந்து வந்த 'அட்டாஷே' என்னும் சொல் உரிய மேற்குறியுடன் பிழையின்றி எழுதப்பட்டுள்ளது. பிழைகள் இரண்டும் முதற்பத்தியிலேயே நின்றுவிடுகின்றன. ஆதலால் அவை வேண்டுமென்றே செய்யப்பட்டவை எனப்பட்டது. பிழை முறைமைப்பட்டதா என்னும் வினா மொழியியலுக்கு உரியதே. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரத்தார் எழுத்திலும் அவ்வாறே மயங்குவது முறைமைப்பட்ட பிழை; அது எழுதியவரின் ஒலியமைப்பிலிருந்து எழுவது. இரட்டை மெய்யெழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமும் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. இரண்டே இரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்து, இயல்பான பிழை எது, நடித்த பிழை எது எனப் பிரிக்க அளவுகோல் எதுவும் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் ஊகம் அதன் பெயரால் வழங்கிற்று.

மூன்றாவது, 'அண்ட் ஹென்ஸ்' என்னும் தொடர். 'ஆகவே' என்னும் பொருளுடைய சொல்லுக்கு முன் தேவையற்ற ஓர் இணைப்பிடைச்சொல் வருவது இத்தொடர். இது கடிதத்தில் ஒருமுறை வருகிறது. 1997இல் குடும்பத்தார் வெளியிட்ட கிறிஸ்துமஸ் செய்தி ஒன்றிலும் இத்தொடர் காணப்பட்டதால், இருவரும் ஒருவரே என்னும் முடிவுக்கு இது வலுவான சான்றாகக் காட்டப்பட்டது. இதில் இரு குறைகள் உள்ளன. கல்வி கற்ற அமெரிக்கரின் எழுத்தில் இத்தொடரின் வருகை எவ்வளவு என்று கணிக்காமல், ஒப்புமையின் மதிப்பைக் கூற முடியாது. இது முதற்குறை. இரண்டாவது குறை இதனினும் பெரிது. செய்தி கடிதத்துக்குப் பிற்பட்டது. கையெழுத்து ஒப்பீட்டுக்காகக் கடிதத்தின் வாசகங்களைப் பலமுறை எழுதித்தருமாறு பணிக்கப்பட்டவர் பாட்சி ராம்சி. ஒரு பனுவலை மீண்டும் மீண்டும் படியெடுத்தவரின் பிற்கால எழுத்தில் அப்பனுவலின் தொடர் தோன்றினால், மூலம் எது, தாக்கம் எது என்று பிரிக்கவொண்ணாது. ஏடு பெயர்த்தெழுதியோரின் வழக்குகளை அறிந்த தமிழ்ப் பதிப்பாசிரியர் எவரும் இதனை உடனே கண்டுகொள்வர்.

நான்காவதாகக் கூறத்தக்கது காலச்சுட்டு. நாளைக் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே தொலைபேசியில் அழைப்பதாகக் கடிதம் கூறுகிறது. 'நாளை' என்பது எந்த நாள்? நள்ளிரவுக்கு முன் எழுதியிருப்பின் அது 26ஆம் நாள். பின்னர் எழுதியிருப்பின் 27. எழுதிய காலத்துக்கும் பெறும் காலத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி ஃபில்மோர் கூறியவை பாடநூல் அளவில் எல்லாரும் அறிந்தவை. ஆனால் அன்று அவ்வீட்டில் இருந்தோர் 26 என்றே கொண்டு தொலைபேசியருகே காத்திருந்தனர். பத்து மணி கடந்ததை வீட்டார் பொருட்படுத்தவில்லை என்பது பின்னர் அவர்களுக்கு எதிரான ஐயமாகப் பேசப்பட்டது. இரு பொருள்படும் ஒரு சுட்டுச்சொல்லை ஒரு பொருளுக்கு உரியதாக்கி, அப்பொருளுக்கேற்ப ஒரு தாய் நடந்துகொண்டாரா என்று அளந்தனர். இவ்வழக்கில் மொழியியலார் உண்மையிலேயே பயன்பட்டிருக்கக்கூடிய இடம் இதுவே. எவரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடிதத்தைத் தமிழில் பெயர்ப்பதாகக் கொண்டால் இச்சிக்கல் இன்னும் துலக்கமாகும். விளியை அடுத்த முதல் தொடரே கவனமாகக் கேட்கச் சொல்லும் ஏவல். ஆங்கில ஏவலில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் 'கேள்' என்பதா, 'கேளுங்கள்' என்பதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும், தள்ளிப்போட வழியில்லை. தொடக்கத்தில் 'மிஸ்டர் ராம்சி' என விளிக்கும் கடிதம், இறுதிப் பகுதியில் 'ஜான்' என்று மும்முறை பெயர் சொல்லி அழைக்கிறது. எழுதியவர் குடும்பத்துக்குள்ளிருந்தவர் என நம்பும் மொழிபெயர்ப்பாளர், இவ்விடத்தில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு நழுவுவதாகப் பெயர்ப்பார். முகமூடி கழன்று உறவு வெளிப்படுகிறது என்று அதற்கு விளக்கமும் தருவார். எழுதியவர் அயலார் என நம்புவோர், முதலிலிருந்தே 'நீ' என்று அமைப்பர். அது மிரட்டுவோனின் இகழ்ச்சி ஒருமை. இரண்டும் மூலத்துக்கு இழுக்கின்றிப் பொருந்தும். மூலத்தில் இல்லாத ஒரு செய்தியைத் தமிழின் வினைமுற்று கட்டாயமாகக் கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் தம் முடிவை அங்கே வைக்கிறார். ஆங்கிலத்திலேயே படித்த வல்லுநர்கள் செய்ததும் இதுவே. அவர்களுக்கு விகுதி எழுத வேண்டியிராமையால் தாம் வைத்த முடிவு தமக்கே புலப்படவில்லை.

கடிதத்தில் 'நாங்கள்' என்பது இடையிடையே 'நான்' ஆவதும் இவ்வகையினதே. அழைப்பேன், அறிவுறுத்துகிறேன் என்னும் பொருளில் ஒருமையும், கண்காணிக்கிறோம் என்னும் பொருளில் பன்மையும் அடுத்தடுத்து வருகின்றன. தனியொருவர் குழுவாக நடித்து இடையில் மறந்தார் என்றும் கொள்ளலாம். குழுவின் சார்பில் ஒருவர் பேசும்போது இயல்பாக நேர்வது என்றும் கொள்ளலாம். ஜான் ராம்சிக்குத் 'தென்னாட்டு' அறிவு உண்டெனக் குறிப்பிடும் இடமும் அவ்வாறே. அவர் அட்லான்டாவில் வாழ்ந்து 1991இல் போல்டருக்குக் குடிபெயர்ந்தவர். ஆனால் தென்மாநிலங்களிற் பிறந்தவரல்லர். அறியாத அயலாரின் பிழை என்றனர் சிலர். குடும்பத்துக்குள் வழங்கிய வேடிக்கைப் பேச்சு என்றனர் வேறு சிலர்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 'டர்ட்டி ஹாரி' (1971), 'ஸ்பீட்' (1994) முதலிய திரைப்படங்களின் உரையாடல்களைக் கடிதம் எதிரொலிக்கிறது என்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். பணயக் கடிதம் எழுதிப் பழகியவர் எவருமில்லை. அவ்வகை எழுத்தின் இலக்கணத்தைப் பெரும்பாலோர் திரையில்தான் கற்றிருப்பர். அவ்வாறாயின் கடிதத்தின் கணிசமான பகுதி எழுதியவரின் சொந்த மொழியன்று, கடன்பெற்ற வாய்பாடு. தனியாள் மொழி என்னும் கருத்தாக்கத்தைப் பெர்னார்ட் பிளாக் 1948இல் முன்வைத்தபோது, ஒருவர் ஒரு காலத்தில் ஒருவருடன் பேசும் பேச்சின் முழுமையையே கருத்திற் கொண்டார். கைரேகை போல ஒவ்வொருவர்க்கும் மாறாத முத்திரை ஒன்று உண்டென்று அவர் கூறவில்லை. பிற்காலத்தார் இவ்வுவமையை ஏற்றிவைத்தனர். நீதிமன்றங்களுக்கு அது கவர்ச்சியாகவும் இருந்தது.

அளவின் சிக்கலை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் ஆசிரியர் ஐயத்துக்குரிய பன்னிரண்டை மோஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் ஆராய்ந்தனர். ஆசிரியர் ஹாமில்டன் அல்லது மேடிசன் என்பது முன்பே தெரியும். இருவர் எழுத்தும் ஏராளமாகக் கிடைத்தன. 'அப்பான்' என்னும் முன்னிடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு மூன்று முறையளவில் ஆள்கிறார். மேடிசனிடம் அது மிக அரிது. இத்தகைய சிறுசொற்கள் பலவற்றைக் கூட்டியெடுத்த பின்னரே அவர்கள் முடிவு கூறினர். இதே அளவுகோலை 370 சொற்களுக்குப் பொருத்தினால், ஹாமில்டனே எழுதியிருந்தாலும் 'அப்பான்' ஒரு முறை வரலாம் என்பதே எதிர்பார்ப்பு. ஒரு முறைகூட வராமலிருக்க வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இத்துணை வலிய அடையாளச் சொல்லின் நிலையே இதுவாயின், ஒருமுறை வந்த 'அண்ட் ஹென்ஸ்' எதனை நிறுவும்? ராம்சி வழக்கில் ஐயத்துக்குரியோர் இருவர் என்று வரையறுக்கவும் இயலாது.

இவ்வழக்கில் மொழிச்சான்றின் மதிப்பைக் குலைத்த நிகழ்ச்சி வாசர் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் டொனால்ட் ஃபாஸ்டரைப் பற்றியது. பெயரிலியாக வெளிவந்த 'பிரைமரி கலர்ஸ்' புதினத்தின் ஆசிரியர் ஜோ கிளைன் என 1996இல் கண்டறிந்து புகழ்பெற்றவர் அவர். 1997இல் பாட்சி ராம்சிக்குத் தாமாகவே ஒரு கடிதம் எழுதி, அவர் குற்றமற்றவர் என்பதில் தமக்கு ஐயமில்லை என்றும், தம் தொழில்முறை நற்பெயரையே அதற்குப் பணயம் வைப்பதாகவும் கூறினார். கணினி உரையாடல் தளம் ஒன்றில் புனைபெயரில் எழுதிவந்தவர் சிறுமியின் தந்தைக்கு முதல் மணத்திற் பிறந்த மூத்த சகோதரரே என்றும் அக்காலத்தில் கருதினார்; எழுதியவரோ அக்குடும்பத்தோடு தொடர்பற்ற ஒரு பெண்மணி. 1998இல் போல்டர் காவல்துறை அவரைப் பணியிலமர்த்தியது. இப்போது அவர் தந்த முடிவு, கடிதத்தை எழுதியவர் பாட்சி ராம்சியே என்பது. முந்தைய கடிதம் வெளிப்பட்டதும், அவரைச் சான்றாளராக முன்னிறுத்த அரசுத் தரப்பால் இயலவில்லை.

புதிய தரவு கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்வது ஆய்வறத்துக்கு உகந்ததே. அதனைக் குறைகூற முடியாது. குறை, இரண்டு முடிவுகளும் ஒரே அளவு உறுதியுடன் கூறப்பட்டதில் உள்ளது. ஒரு முறை நேர்மாறான இரு விடைகளை ஒரே உறுதியோடு தருமாயின், அவ்வுறுதி முறையிலிருந்து வரவில்லை, ஆய்வாளரிடமிருந்து வருகிறது. இறப்புப் பாடல் ஒன்றை ஷேக்ஸ்பியருக்கு உரியதாக்கிய தம் புகழ்பெற்ற முடிவையும் ஃபாஸ்டர் 2002இல் கைவிட்டார். அது நாடகாசிரியர் ஜான் ஃபோர்டினுடையதாக இருக்கலாம் என ஏற்றுக்கொண்டார். அந்தப் பிழை நேர்மையாகத் திருத்தப்பட்டது, எவருக்கும் இழப்பில்லை. போல்டரில் இழப்பு நேர்ந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு பெண் மொழியியலின் பெயரால் முதலில் விடுவிக்கவும் பின்னர் குற்றஞ்சாட்டவும் பட்டார். வேறொருவர் குற்றவாளியாக இருப்பின், அவரைத் தேடும் காலமும் இதனால் வீணாயிற்று.

கையெழுத்து வல்லுநர்களின் நிலை இதனினும் சற்று அடக்கமானது. மூலக் கடிதத்தைக் கண்டு ஆராய்ந்தோர் ஜான் ராம்சியை விலக்கினர். பாட்சியை முழுதும் விலக்கவும் இல்லை, அவரே எழுதினார் என்று அறுதியிடவும் இல்லை. 2003இல் அட்லான்டாவில் ஓர் உரிமையியல் வழக்கில் தீர்ப்பளித்த கூட்டாட்சி நீதிபதி ஜூலி கார்னஸ், பாட்சியே எழுதினார் என நூறு விழுக்காடு உறுதிகூறிய வல்லுநர் ஒருவரை, ஒற்றுமைகளைச் சுட்டும் அளவில் மட்டுமே அனுமதித்தார். அவ்வுறுதியை ஏற்க மறுத்தார். வல்லுநரின் முறை சோதிக்கத்தக்கதா, அதன் பிழைவீதம் அறியப்பட்டதா என்று கேட்கும் 1993ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பின் வழிநின்றே அவர் அவ்வாறு செய்தார்.

எழுத்தில் நேர்ந்தது ஒலியிலும் நேர்ந்தது. தாயின் அவசர அழைப்புப் பதிவின் இறுதியில், ஒலிவாங்கி சரிவர வைக்கப்படாத சில நொடிகளில், வேறு குரல்கள் கேட்பதாகச் சிலர் கூறினர். கூட்டாட்சி அமைப்புகளின் ஆய்வில் அவ்வாறு எதுவும் தெளியவில்லை. 2016இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொடர் அப்பதிவையும் கடிதத்தின் மொழியையும் மீண்டும் எடுத்து, நிகழ்ச்சிக் காலத்தில் ஒன்பது வயதினராயிருந்த சகோதரரைக் குற்றவாளியாகச் சுட்டும் கருத்தை முன்வைத்தது. அவர் தொடுத்த வழக்கு 2019இல் உடன்பாட்டில் முடிந்தது. இரைச்சல் மிகுந்த ஒலியில், கேட்க வேண்டிய சொல் இன்னது என முன்னரே அறிந்த செவி அச்சொல்லையே கேட்கும். ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவரிடமே இதனைச் செய்துகாட்டலாம்.

மொழியாய்வு நீதிக்குப் பயன்படாது என்பது இதனாற் பெறப்படுவதன்று. தடய மொழியியல் என்னும் துறைப்பெயரே ஒரு குழந்தைக் கொலைவழக்கிலிருந்து பிறந்தது. இலண்டனில் தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் திமோதி எவன்ஸ் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் வாழ்ந்த வேறொருவர் பல கொலைகள் செய்தவர் எனப் பின்னர் தெரியவந்தது. 1966இல் எவன்ஸுக்கு இறப்புக்குப் பின் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருடையவை எனக் காவலர் பதிந்த வாக்குமூலங்களை ஸ்வார்ட்விக் 1968இல் ஆராய்ந்து, எழுத்தறிவு குன்றிய ஒருவரின் பேச்சும் காவல்துறை எழுத்து வழக்கும் அவற்றுள் கலந்திருப்பதைத் தொடரமைப்பின் எண்ணிக்கை வழியே காட்டினார். எழுதியவர் இன்னார் என்று அவர் சொல்ல முற்படவில்லை. ஒருவர் வாய்மொழி எனப்படும் பனுவலில் இருவகை வழக்குகள் உள்ளன என்பதே அவர் கண்டது. வினா சிறியது, தரவு அதற்குப் போதுமானது.

இந்தியச் சூழலில் இவ்வேறுபாடு இனி ஏட்டளவில் நில்லாது. 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றில் வல்லோரின் கருத்தை ஏற்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 39ஆம் பிரிவு அவற்றோடு 'வேறெந்தத் துறையும்' என்னும் பொருள்படும் சொற்களைச் சேர்த்துள்ளது. மொழியியலார் சான்றுக்கூண்டில் ஏற இச்சொற்கள் வழிதிறக்கின்றன. ஏறுவோரிடம் கேட்கப்படும் முதல் வினா, எழுதியவர் யார் என்பதாகவே இருக்கும். இக்கட்டுரையில் கண்டவாறு அதற்குப் பெரும்பாலும் விடை இல்லை. பேச்சுத்தமிழில் சொன்னது 'மேற்படி' நடையில் பதிவாகிப் பின் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும் சாட்சியத்தில் எந்த அடுக்கு எவருடையது என்னும் வினாவுக்கு, அவர்களால் ஸ்வார்ட்விக் போலத் தரவுகாட்டி விடைகூற முடியும்.

அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். ஆங்கில ஆய்வுகள் எண்ணுவது தனித்து நிற்கும் சிறுசொற்களை. தமிழில் அவற்றின் பணியைப் பெரும்பாலும் -உம், -ஏ, -ஓ, -தான் முதலிய ஒட்டுகளும் வேற்றுமை உருபுகளும் செய்கின்றன. சொல்லை அலகாகக் கொண்ட எண்ணிக்கை இங்குப் பொருந்தாது. உருபன்களாகப் பிரித்தே எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணும்போது, பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்கு மாறுகையில் எந்த ஒட்டு மறைகிறது, எது மிகுகிறது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். முகமறியா மிரட்டல் கடிதங்கள், வாக்குமூலங்கள், மனுக்கள் ஆகியவற்றின் தமிழ்த் தொகுப்பு ஒன்றும், ஆய்வாளருக்கு ஆசிரியர் பெயரை மறைத்து நடத்தும் சோதனைகளும் இதற்குத் தேவை. வழக்கு ஒன்று வந்த பிறகு இவற்றைத் தொடங்கினால், போல்டரில் நடந்ததுபோல, ஐயத்துக்குரியவரின் பெயர் ஆய்வாளர் காதில் முதலிலேயே விழுந்திருக்கும்.